சின்னப் பெட்டியைத் திறக்கிறவள்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடையில் பெட்டியைத் திறக்கிற வேலைக்கு ஒரு சௌகரியம் உண்டு: திறந்து கிடக்கிற பெட்டி நம்மைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்காது. ஆளைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம். பிள்ளையைப் பால்வாடியில் விட்டுவிட்டு, கை ஒரு பக்கம் வேலை பார்க்க, கண் ஒரு பக்கம் கடிகாரத்தைப் பார்க்கிற உங்களுக்கு நான் சொல்வது புரியும் என்றுதான் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூக்கட்டிய விரல்

சின்னமனூரில் மேகமலைக்குப் பிரிகிற ரோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் கடை. முதலாளி உத்தமபாளையத்துக்காரர், எல்லோருக்கும் அவர் பாய். நான் அங்கே சேர்ந்தது கூட்டிப் பெருக்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும். அதற்கு முன்னால் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ஏலத்தோட்டத்துக்குக் களை எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரும் மாமியாரும் இன்னும் அந்த ஜீப்பில்தான் போகிறார்கள். நான் கிளம்பும்போது என் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டு மலர் அக்காதான் அவளை எழுப்பி, பல் விளக்கி, சோறு ஊட்டியது. பேச்சு வந்த புதிதில் மலர் அக்காவைப் பார்த்து என் மகள் 'அம்மா' என்றாள். மறுநாள் ஜீப் வந்து ஹாரன் அடித்தபோது நான் ஏறவில்லை.

கடையிலும் நிம்மதி கொஞ்ச நாள்தான். ஜெராக்ஸ் கவுண்டருக்கு இரவு எட்டு வரை இருக்கிற ஆள் வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்க்கவேண்டும் என்று பாய் சொல்லிவிட்டார். பால்வாடி மூன்றரைக்கு மூடிவிடும். என்ன செய்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்த அதே வாரம், பாய் ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு வைதுகொண்டிருந்தார். முழுக் கம்ப்யூட்டரும் அதற்குள்ளேயே, பெரிய டிபன் டப்பா அளவுதான் இருக்கும் அந்தப் பெட்டி. மூடிக்கு அடியில் டிஸ்க் வைக்கிற தட்டு, தட்டுக்கு அடியில் ரிப்பன் மாதிரி ஒரு வயர், அந்த வயரைப் பிடித்துக்கொண்டு நகக்கண் அளவுக்கு ஒரு கொக்கி. பாய்க்கு விரல் தடிமன், அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கொக்கியை உடைத்திருந்தார். நான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரண்டு விரலை உள்ளே விட்டு, கொக்கியை நெகிழ்த்தி வயரை எடுத்துக் கொடுத்தேன். பாய் பெட்டியைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தார். முன்னே என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். கல்யாணத்துக்கு முன்னால் பூக்கட்டினேன் என்றேன்.

"அதானா! அப்ப நாளையிலருந்து இந்த மேசையில உக்காரும்மா. மூணு மணிக்குக் கெளம்பிக்க. ஆனா ஒரு போர்டு போச்சுன்னா திரும்பக் கவுண்டர்தான், எட்டு மணி வரைக்கும். இப்பயே சொல்லிப்புட்டேன், பெறகு பாய் மாத்திப் பேசுறாருன்னு சொல்லக் கூடாது."

லைன் வீடு

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டில் விளிம்பு நெளிந்த பழைய இட்லித் தட்டு ஒன்று கிடந்தது. அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். மூடியில் கழற்றிய திருகாணி முதல் குழியில், டிஸ்க் தட்டின் ஆணி இரண்டாவதில், காற்றாடியின் ஆணி மூன்றாவதில், கடைசியாக மதர்போர்டைப் பிடித்திருக்கிற ஆணி நான்காவதில். திரும்ப மாட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னால் வந்தால் போதும். ஆணி மாறாது, மிஞ்சாது.

மேகமலை எஸ்டேட் ஒன்றிலிருந்து ஒரு முறை பெட்டி வந்தது. கொண்டுவந்தது அந்த ஆபீஸைக் கூட்டிப் பெருக்குகிற ராசாத்தி அக்கா. சாமான் வாங்கக் கீழே இறங்கியவரிடம், இதையும் சரி பண்ணிக்கொண்டு வந்துவிடு என்று துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டார்களாம். எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, நான் கழற்றக் கழற்ற ஒவ்வொன்றாகக் கேட்டார். பெண்பிள்ளை கேட்டதாலோ என்னவோ எனக்கும் பதில் வந்தது.

"இது என்னத்தா, சக்கரமா?"

"காத்தாடி."

"அதுக்குக் கீழ?"

"பிராசசர்னு சொல்வாக. எல்லாத்தையும் யோசிக்கிறது அதுதான். ரொம்பச் சுடும். அதான் மேல செம்புத் தகடு, அதுக்கும் மேல காத்தாடி."

"சூடு எங்கிட்டுப் போகும்?"

"பின்னாடி இந்தா, சீப்புப் பல்லு மாதிரி கீறியிருக்குல்ல. அது வழியா."

"இந்தப் பச்சைப் பட்டை?"

"ராம். வேலை நடக்குறப்ப சாமானைப் பரப்பி வச்சுக்கிற எடம். கரண்டு போனா அம்புட்டும் போயிரும். இந்தா, தட்டுல இருக்குல்ல, இது டிஸ்க். இதுல வச்சது எங்கயும் போகாது."

அந்தக் காலத்துப் பெரிய பெட்டியைத் திறந்தால் உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி பாதி இடம் காலியாகக் கிடக்கும், ஒன்று சுட்டால் இன்னொன்றுக்குத் தெரியாது, இதில் அப்படி இல்லை என்று சொன்னேன். பின்பக்கக் கீறலைச் சுரண்டியபோது பாசியும் தூசியும் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி உரிந்து வந்தது. ராசாத்தி அக்கா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"எங்க எஸ்டேட்டு லைன் வீடேதான்த்தா இது, ஒத்த ரூம்பு. அடுப்பு, அடுப்ப ஒட்டித் தொட்டில், தலைக்கு மேல துணிக்கொடி, ஒத்தச் சன்னல். அந்தச் சன்னலும் அடைச்சுப் போச்சுன்னா உள்ள கெடக்குறது எல்லாம் சேந்துதான் மூச்சு முட்டும்."

சந்தனம்

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எங்கள் கடைக்குக் கூட்டம் வரும். ஏன் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பெட்டிக்குச் சந்தனம் குழைத்து வைப்பதில் ஒரு குற்றமும் இல்லை, மூடியின் நடுவில் வைத்தால். ஒரு ரைஸ் மில்காரர் பெரிய மனதோடு நான்கு பக்கமும் பட்டை பட்டையாகப் பூசியிருந்தார், காற்றுப் போகிற ஓட்டைகளையும் விடாமல். தண்ணீர் அதிகமாகக் குழைத்த சந்தனம் உள்ளே வடிந்து, ஏற்கெனவே அங்கிருந்த தவிட்டோடு சேர்ந்து, காற்றாடி சிமெண்டில் நட்ட மாதிரி நின்றுவிட்டது.

காது குடைகிற பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு இறக்கையாகச் சுரண்டினேன். அவர் கோயிலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டி நின்றார். காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. மூடியின் மேலே இருந்த மிச்சத்தையும் துடைக்க நான் துணியை எடுத்தபோதுதான் வாயைத் திறந்தார்.

"போதும்த்தா, அந்த ஓரத்துல இருக்குறத விட்டு வையி. ஓட வச்சது நீதான், ஒத்துக்கிறேன், இருந்தாலும் சாமியும் கொஞ்சம் பாத்துக்கிடட்டும்."

காசு போல ஒரு பேட்டரி

மதர்போர்டின் ஓரத்தில் ரூபாய்க் காசு போல ஒரு பேட்டரி உட்கார்ந்திருக்கும். பெட்டியை அணைத்த பிறகும் தேதி, மணி மறக்காமல் வைத்துக்கொள்வது அதுதான். அது செத்தால் பெட்டி ஓடும், ஆனால் தேதி எங்கேயோ பழைய வருசத்துக்குப் போய்விடும்.

கம்பம் பக்கம் லாரி எடை போடுகிற மேடையிலிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். அவர் அடித்துக் கொடுத்த எடைச் சீட்டில் பத்து வருசத்துக்கு முந்தின தேதி இருந்ததால், வாழைக்காய் ஏற்றிய லாரியைச் சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்களாம். டிரைவர் வந்து கத்திவிட்டுப் போயிருக்கிறார். பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, 'பத்து வருசம் பின்னாடி போயிருச்சு அய்யா, இப்ப சரியாயிருச்சு' என்றேன். ஆளிடம் நானாகப் பேசியது அன்றைக்கு அந்த ஒன்றுதான். அவர் பழைய பேட்டரியைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சரி பண்ணாம விட்டுருக்கலாம்த்தா. பத்து வருசத்துக்கு முன்னாடி எம்மகன் இருந்தான்."

ஊக்கு

வருசநாட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் சரோஜா அக்கா கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். சாதிச் சான்று, முதியோர் பென்ஷன், காலேஜ் விண்ணப்பம் என்று அந்த ஊரின் மனு எல்லாம் அவருடைய ஒரே ஒரு சின்னப் பெட்டி வழியாகத்தான் வெளியே போகவேண்டும். பெட்டியைப் பாயிடம் வாங்கியிருந்ததால் தேனியைத் தாண்டி, மூன்று பஸ் மாறி இங்கே வந்தார். மெதுவாக ஓடுகிறது, ராம் ஒன்று கூடப் போட்டுத் தூசி எடுத்துக் கொடுங்கள் என்றார். நான்தான் செய்தேன். ஓட விட்டுப் பார்த்தேன், நன்றாக ஓடியது. அவர் எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு வியாழக்கிழமை.

மறுநாள் பாய் தொழுகைக்குப் போயிருந்த நேரம், சரோஜா அக்கா அதே பெட்டியோடு வந்து நின்றார். வீட்டில் வைத்துச் சுவிட்சைப் போட்டதும் சடக்கென்று ஒரு சத்தம், கருகின வாடை, அதோடு சரி. "எங்க ஊரு கரண்டு லட்சணம் அப்பிடித்தா. நேத்து எங்க தெருவுல ரெண்டு வீட்டுல ஃபேன் போச்சு" என்று அவரே காரணமும் சொல்லிவிட்டார். ஊரிலிருந்து போன் மேல் போன். ஒரு பிள்ளையின் காலேஜ் விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசித் தேதி. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்.

நான் மூடியைத் திறந்தேன். டிஸ்க் தட்டை எடுத்தேன். கரண்ட் உள்ளே நுழைகிற மூலையில், போர்டின் மேல் குறுக்காக ஒரு ஊக்கு கிடந்தது. வாய் திறந்த சின்ன ஊக்கு. முனை நீலம் பாய்ந்திருந்தது, அதைச் சுற்றிப் பொட்டு அளவுக்குக் கரி.

அது என்னுடையது. இதைப் படிக்கிற பெண்களுக்கு நான் விளக்க வேண்டாம். தாலிக்கொடியில் நாலு ஊக்கு தொங்காத கழுத்து நம்மில் யாருக்கு இருக்கிறது? சேலை நழுவினால், பிள்ளையின் சட்டைப் பொத்தான் போனால், செருப்பு வார் அறுந்தால் அதுதான் கை கொடுக்கும். வியாழன் காலையில் பால்வாடி வாசலில் என் மகள் போகமாட்டேன் என்று கொடியைப் பிடித்துத் தொங்கினாள். அப்போது ஒன்று வாய் திறந்திருக்கவேண்டும். சாயங்காலம் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது எனக்குத் தெரியும். பிள்ளை காலில் குத்திவிடப் போகிறதே என்று வீட்டில் கோரைப்பாயைச் சுருட்டிப் பார்த்தேன், படியில் பார்த்தேன். பெட்டியை நினைக்கவே இல்லை. குனிந்து வேலை பார்க்கும்போது உள்ளே விழுந்து எங்கேயோ ஓரத்தில் கிடந்தது, மூன்று பஸ் குலுக்கிய குலுக்கலில் போகக் கூடாத இடத்துக்குப் போய்விட்டது.

இடுக்கியால் எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். கடையில் யாரும் இல்லை. கையை மூடினால் போதும், ஒரு வார்த்தை பேசவேண்டாம். கரண்ட் கோளாறு என்று அந்த அக்காவே சொல்லியாகிவிட்டது, பாயும் நம்புவார். கையைத் திறந்தால் கவுண்டர், எட்டு மணி. மூடினேன். வாசலில் அக்கா போனில் யாரிடமோ, "அழுகாதடி, எப்பிடியும் அனுப்பிருவேன், எந்தலைய அடகு வச்சாவது அனுப்பிருவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊக்கு முனை உள்ளங்கையில் குத்திக்கொண்டே இருந்தது. பேசத்தான் வராது, காட்ட வருமே என்று தோன்றியது. இட்லித் தட்டில் காலியாக இருந்த ஒரு குழியில் அதைப் போட்டு, தட்டோடு கொண்டுபோய் அக்கா முன்னால் நீட்டினேன்.

"அக்கா, இது என்னோடது. கொடியில இருந்தது. கரண்டு இல்ல."

அவ்வளவுதான் வந்தது. அக்கா தட்டைப் பார்த்தார், என் கழுத்தைப் பார்த்தார், அவருடைய கை தானாகத் தன் கொடிக்குப் போய் ஊக்குகளைத் தடவியது. வையவில்லை. "உள்ள இருந்தது எல்லாம் போச்சா?" என்று மட்டும் கேட்டார். கடையில் அதே ஜாதிப் பெட்டி ஒன்று இருந்தது. டிஸ்க்கை அதற்கு மாற்றி, சுவிட்சைப் போட்டேன். திரையில் அவருடைய ஊர்க் கோயில் படம் வந்தது, மனுக்கள் எல்லாம் அப்படியே இருந்தன. அக்கா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார். அதற்குள் பாய் வந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டார், மாற்றின பெட்டியையே அக்காவுக்குக் கொடுத்தனுப்பினார். அவர் பஸ் ஏறினபிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நீ மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதும்மா. அது எனக்கும் வெளங்குது. ஆனா போர்டு போச்சுன்னா என்னான்னு நான் முன்னாடியே சொன்னேன்ல? திங்கக்கெழமையிலருந்து கவுண்டர்."

எட்டு மணி

என் மேசைக்குக் கம்பத்திலிருந்து டிப்ளமோ படித்த ஒருவர் வந்தார். நல்ல மனுசர், நல்ல வேலைக்காரர், குறை சொல்ல ஒன்றும் இல்லை. இட்லித் தட்டை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, காந்தம் வைத்த தட்டு ஒன்றை வைத்துக்கொண்டார். நான் கவுண்டரில் நின்றேன். ஆதாரை முன்பக்கம் பின்பக்கம் எடுக்கவேண்டுமா, கலரா கறுப்பா என்று ஒரு நாளில் எத்தனை தடவை கேட்டேனோ, ஒவ்வொரு தடவையும் பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றது. "என்னத்தா, வாயில கொழுக்கட்டையா?" என்று கேட்டவர்களும் உண்டு. உங்களையும் கேட்டிருப்பார்கள்.

மூன்றரைக்கு மலர் அக்கா போய்ப் பிள்ளையைக் கூட்டி வந்துவிடும். அந்த அக்காவின் மேல் ஒரு குறையும் இல்லை. நான் வீடு சேரும்போது மகள் சாப்பிட்டு முடித்திருப்பாள். நாலைந்து வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் ஓடி வந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு உள்ளே இருந்த மலர் அக்கா பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா... அக்கா வந்துருக்கு!"

மூன்று பெட்டி

அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரரிடம், கடையை விட்டுவிடுகிறேன், எங்காவது பாதி நாள் பூக்கட்டுகிற வேலை கிடைக்குமா பார் என்று சொன்னேன். 'உனக்கு எப்படித் தோணுதோ' என்றார் அவர். பாயிடம் சொல்லிக்கொள்ள வேண்டும். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில், பாய் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்லிவிடுவது என்று கவுண்டரை விட்டு எழுந்தேன். வாசலில் சரோஜா அக்கா வந்து நின்றார். கட்டைப்பையில் மூன்று பெட்டி. ஒன்று அவருடையது, மற்ற இரண்டும் பக்கத்து ஊர்களில் சென்டர் வைத்திருக்கிற பெண்களுடையது. மூன்றையும் தூசி எடுக்கவேண்டும்.

டிப்ளமோக்காரர் எழுந்து வந்து பையை வாங்கக் கை நீட்டினார். அக்கா பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அந்தப் பிள்ளை எங்க?" என்றார். பாய் என்னைக் காட்டினார், அது இப்போது கவுண்டர் பார்க்கிறது, இவர் படித்தவர், ஒரு ஊக்கும் விழாது என்றார். அக்கா பையைக் கீழே வைக்கவே இல்லை. அப்படியே திரும்பி பஸ்ஸுக்குப் போய்விடுவார் போல நின்றார். பாய் தாடியைத் தடவினார். பிறகு டிப்ளமோக்காரரிடம், "தம்பி, பெரிய பெட்டியெல்லாம் நீங்க பாத்துக்கங்க. சின்னது அந்தம்மா பாக்கட்டும்" என்றார். கவுண்டருக்கு வரச் சொல்லிப் பாயின் தங்கை மகளுக்குப் போன் போனது. நான் கழுத்துக் கொடியிலிருந்த ஊக்கையெல்லாம் உருவி, பையில் போட்டுவிட்டு வந்து மேசையில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்குக் கிளம்பிப் பால்வாடி வாசலில் நின்றேன். ஆனால் அதற்கு முன்னால், பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அக்கா பாயிடம் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

"விழுந்துச்சுன்னு சொன்ன கையிலதான், பாய், கொடுப்பேன். சொல்லாத கையிலருந்து இதுவரைக்கும் எத்தனை ஊக்கு விழுந்துச்சோ, யாரு கண்டா?"

ஒரு சின்னப் பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்று படித்தவர்கள் வரிசையாகப் பேர் சொல்லிவிடுகிறார்கள், திறக்கும்போதெல்லாம் லைன் வீடும் போன பத்து வருசமும் ஊக்கும் கண்ட எனக்குத்தான் இன்னும் அடித்துச் சொல்லத் துணிவு வரவில்லை.